மாத்தளைப் பாதையில் வந்த வெற்றிலைப் பை

கண்டி நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது மாத்தளை. மலைநாட்டின் வடவாயில் என இதனைக் கூறுதல் மிகையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர் ஆகிய பகுதிகளிலிருந்து புறப்பட்ட ஏழைக் குடியானவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே கால்நடையாக நடந்து, தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டவர் பலர். எஞ்சியவர்க்கு முதன்முதலாகக் கண்ணிற்பட்ட மலைநாட்டு ஊர் மாத்தளையே.

அவர்கள் கொண்டுவந்த பொருள்கள் மிகச் சில. மாற்றுத்துணி ஒன்று, சமைப்பதற்கு ஒரு சட்டி, மடியில் முடிந்த சில்லறை, இடுப்பிலே செருகிய வெற்றிலைப் பை. சட்டி உடைந்தது, துணி கிழிந்தது, சில்லறை கங்காணியின் கணக்கிலே கரைந்தது. வெற்றிலைப் பை மாத்திரம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. அந்தப் பைக்கும் இந்நாட்டு ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயான வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பு எவ்வாறு அறியப்பட்டது என்பது ஒரு நீண்ட வரலாறு.

தென்னாட்டிலிருந்து வந்தவர்களே இவ்வழக்கத்தை இங்குப் புகுத்தினர் என எண்ணுதல் தவறு. கண்டி இராச்சியத்திலே 1660 ஆம் ஆண்டு முதல் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து, 1679 ஆம் ஆண்டில் வடதிசைக் காடுகள் வழியே தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், இந்நாட்டு மக்கள் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்லும் பழக்கத்தை விவரித்துள்ளார். இலங்கையின் பாக்கு அக்காலத்திலேயே சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியான பெருஞ்சரக்கு. தமிழரின் திருமணத்தில் நிச்சயதாம்பூலம் மாற்றுவதும், சிங்களவர் புத்தாண்டில் பெரியோரிடம் வெற்றிலைக் கட்டினை நீட்டி வணங்குவதும் ஒரே பண்பாட்டின் இரு கிளைகள் எனலாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டிலே வெற்றிலை பாக்கு இல்லாத நாள் இல்லை. தட்டிலே வைத்த வெற்றிலையால் எவருக்கும் ஒரு தீங்கும் வந்ததில்லை என்பதை இங்கேயே கூறிவிடுதல் நன்று. வாயிலே அடக்கிய பாக்கும் புகையிலையுமே ஆராய்ச்சிக்குரியவை.

கோப்பியை 1869 ஆம் ஆண்டிலே தோன்றிய இலைநோய் அழித்தது. அதன்பின் தேயிலை வந்தது; மாத்தளைப் பகுதியில் கொக்கோவும் இறப்பரும் மிளகும் ஏலமும் உடன் வளர்ந்தன. 1880 ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. தோட்டத்து நாளோ விடியுமுன் தப்பொலியுடன் தொடங்கிற்று. குளிரில் நனைந்து மலைச்சரிவில் கொழுந்து கொய்யும் பெண்ணுக்கு இரு கைகளுக்கும் ஓய்வில்லை. பீடியோ சுருட்டோ பற்றவைக்க அவளுக்கு நேரமுமில்லை, ஊர் வழக்கமும் இடந்தராது. வாயில் அடக்கிய வெற்றிலையோ கையைத் தடுப்பதில்லை, பசியை மறைக்கிறது, உடம்பிலே சிறிது சூடேற்றுகிறது. காலிலே ஏறும் அட்டையை விரட்டுவதற்கும் அதே பையிலுள்ள சுண்ணாம்பு உதவிற்று. ஆகவே, தோட்டத்துப் பெண் ஏன் வெற்றிலை போடுகிறாள் என வினவுவோர், அவளுடைய நாட்கூலி எவ்வளவு என்பதையும் உடன் வினவுதல் முறை. அறியாமை என்னும் ஒரு சொல்லால் இதனை விளக்கிவிட முயல்பவர்கள், பெரும்பாலும் தோட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களே.

ஒரு பழக்கத்துக்கும் ஒரு நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிவது எளிதன்று. பழக்கம் இளமையில் தொடங்குகிறது. நோய் முதுமையை அணுகும்போது வெளிப்படுகிறது. இடையிலே இருபது முப்பது ஆண்டுகள் கழிகின்றன. இலண்டன் மாநகரத்து அறுவை வைத்தியர் பேர்சிவல் பொட் என்பார், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்த தொழிலாளரின் விதைப்பைத் தோலிலே தோன்றும் புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என 1775 ஆம் ஆண்டில் எழுதினார். அத்தொழிலில் இறக்கப்பட்டவர்கள் சிறுவர்கள். நோயுற்றவர்களோ வளர்ந்த ஆடவர்கள். அந்த இடைவெளியைத் தாண்டிப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது.

தென்னிந்தியாவிலே அத்தகைய கண் படைத்தவர்களுள் முதல்வராக எண்ணத்தக்கவர் சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய நிப்லொக். மேனாட்டிலே அரிதாகக் காணப்படும் கன்னப்புற்று இங்கே மிகுதியாகக் காணப்படுவதை 1902 ஆம் ஆண்டிலேயே அவர் குறிப்பிட்டு, வெற்றிலை மெல்லும் பழக்கத்தின்மேல் ஐயங்கொண்டார். அவர்க்குப் பின் 1933 ஆம் ஆண்டில், தென்திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணிசெய்த ஓர் என்னும் வைத்தியர், தாம் கண்ட வாய்ப்புற்று நோயாளரைப் பற்றி இலண்டனின் லான்செற் இதழில் எழுதினார். நெய்யூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. எவரெஸ்ற் மலையேறும் முயற்சிகளில் 1922 ஆம் ஆண்டிலும் 1924 ஆம் ஆண்டிலும் பங்குகொண்ட சோமர்வெல் என்னும் அறுவை வைத்தியரும் அதே மருத்துவமனையிற் பல்லாண்டுகள் உழைத்தவர் என்பது பலர் அறியாத செய்தி. உலகத்தின் உச்சியை எட்ட முயன்றவர், குடிசை மக்களின் கன்னத்துப் புண்ணைத் தேடி வந்து அமர்ந்தார்.

நெய்யூர் வைத்தியர்கள் கண்டது யாதெனில், புற்று பெரும்பாலும் நோயாளி எப்பக்கத்தில் வெற்றிலையை அடக்கி வைக்கிறாரோ அப்பக்கத்திலேயே தோன்றுகிறது என்பதாகும். இலங்கையிலும் இதே உண்மை கவனிக்கப்பட்டது. பாலேந்திரா என்பார் வெற்றிலை மெல்லுதல் பல்லுக்கும் வாய்க்கும் செய்யும் கேட்டையும் கன்னப்புற்றோடு அதற்குள்ள தொடர்பையும் பற்றி 1949 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பல் மருத்துவ இதழிலே கட்டுரை வரைந்தார்.

எனினும் ஒரு வழக்கு நெடுங்காலம் தீராதிருந்தது. குற்றவாளி யார்? பாக்கா, புகையிலையா, சுண்ணாம்பா? வெற்றிலையோடு புகையிலை சேர்ப்போரே பலராதலின், பழி முழுவதும் புகையிலையின்மேல் விழுந்தது. பாக்கு தப்பித்துக்கொண்டது. இவ்வழக்குக்குச் சான்று கூறியவர்கள் கடல் கடந்து சென்ற தமிழர்களே என்பது வியப்புக்குரியது. 1860 ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் சந்ததியில், பெண்களிடையே வாய்ப்புற்று மிகுந்திருப்பதை 1960களிலே ஆராய்ச்சியாளர் கண்டனர். அப்பெண்களோ பாக்கு மென்றவர்கள். அதனோடு புகையிலை சேர்த்தவர்கள் சிலரே. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த இந்தியர்களிடத்தும் வாய்ப்புற்று மிகுதி. மாத்தளைக்கு நடந்து வந்தவர்களும், நேற்றாலுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்களும் ஒரே வெற்றிலைப் பையைச் சுமந்தவர்கள். நிலம் மாறிற்று, உணவு மாறிற்று, தட்பவெப்பம் மாறிற்று; மாறாத பழக்கம் எங்கே சென்றதோ அங்கே நோயும் சென்றது.

உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என 1985 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பாக்கைப் பற்றித் தீர்ப்பளிக்க மேலும் 19 ஆண்டுகள் சென்றன. 2004 ஆம் ஆண்டிலே, புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு தனித்தும் புற்றுநோய் விளைப்பனவே என அந்நிறுவனம் அறிவித்தது. ஆகவே, "புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் போடுகிறேன்" என்று ஆறுதல் கொள்வோரின் ஆறுதலுக்கு ஆதாரம் இல்லாமற் போயிற்று.

இத்தீமை நிகழும் முறை ஓரளவு அறியப்பட்டுள்ளது. பாக்கிலே அரெக்கொலின் என்னும் ஒரு சத்து உண்டு. மெல்பவர்க்கு உண்டாகும் கிளர்ச்சிக்கும், விடமுடியாத பற்றுக்கும் அதுவே முதன்மையான காரணம். சுண்ணாம்பு வாயின் நீரைக் காரமாக்கி, பாக்கின் சத்துக்களை மெல்லிய சதைப்படலத்தில் விரைந்து செயற்படச் செய்கிறது. அவ்வேளையில் எழும் சில நச்சுப்பொருள்கள் உயிரணுக்களின் மரபுப்பொருளைத் தாக்குகின்றன. புகையிலை சேருமாயின் நைத்திரோசமைன் என்னும் கடுநஞ்சுகளும் உடன்சேர்கின்றன. நாள்தோறும் பலமுறை, ஒரே இடத்தில், பல்லாண்டுகள் இது நிகழ்கிறது. வாயில் வெற்றிலையோடு உறங்குவோர்க்கு இரவிலும் ஓய்வில்லை. சுருட்டும் மதுவும் சேருமாயின் ஆபத்து கூட்டல் கணக்கிலன்றிப் பெருக்கல் கணக்கிலே ஏறுகிறது.

தமிழர் இந்நோய்க்கு இட்ட பெயர் ஆழ்ந்த பொருளுடையது. மேனாட்டார் நண்டின் பெயரால் இதனை அழைத்தனர். தமிழர் கறையான் புற்றினை நினைத்தனர். வெளியே ஒரு சிறு மண்மேடு; உள்ளேயோ எட்டுத் திசையிலும் ஓடும் வளைகள். ஆயினும் வாய்ப்புற்றைப் பொறுத்தமட்டில் மற்றோர் உண்மையும் உண்டு: புற்று எழுமுன் நிலம் தன் நிறம் மாறிக் காட்டுகிறது.

பலருக்கு வாய்ப்புற்று தோன்றுவதற்குச் சில மாதங்களோ பல ஆண்டுகளோ முன்பாக, கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ சுரண்டினாலும் அகலாத வெண்திட்டு ஒன்று காணப்படும். சிலருக்கு அது செந்திட்டாக இருக்கும். செந்திட்டு வெண்திட்டினும் கொடியது. பாக்கு மெல்வோர் சிலருக்குக் காரமான கறி பட்டவுடன் வாய் எரியும். பின்னர்க் கன்னம் பலகைபோல் விறைத்து, வாய் அகலத் திறக்க இயலாமற் போகும். கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடத்துச் சுவார்ற்ஸ் என்னும் வைத்தியர் 1952 ஆம் ஆண்டில் விவரித்த நோய் இதுவே. தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாயினுள் நுழைக்க ஒருவரால் முடியவில்லையெனில் அவர் வைத்தியரை அணுக வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்திலே தட்டுப்படும் கட்டி ஆகியனவும் அவ்வாறே. இவையெல்லாம் புற்றுநோயே என்பதன்று, பெரும்பாலானவை அல்ல. பார்த்துத் தெளிய வேண்டியவை என்பதே கருத்து.

வயிற்றிலும் ஈரலிலும் தோன்றும் புற்றினைக் காண எத்தனையோ கருவிகள் வேண்டும். வாயைப் பார்ப்பதற்கு ஒரு கைவிளக்கும் இரு விரல்களும் போதும். அப்படியிருந்தும், நோயாளிகளிற் பலர் புற்று முற்றிய பின்னரே மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையையும் கண்டி வைத்தியசாலையையும் அடைகின்றனர். தொடக்கத்தில் வந்தவர்க்குச் சிறு அறுவையோடு முடிகிறது. தாமதித்து வந்தவர்க்குத் தாடையெலும்பையே இழக்க நேரிடுகிறது, அதன் பின்னும் உயிர் நிலைப்பது உறுதியன்று. இந்த வேறுபாட்டினைக் கண்டு வருந்திய பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவ அறிஞர் சிலர் 1980களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஒரு சோதனையை மேற்கொண்டனர். அவர்களுள் சமன் வர்ணகுலசூரிய குறிப்பிடத்தக்கவர். டென்மார்க்கு நாட்டுப் பேரறிஞர் பின்ட்போர்க்கும் அதிற் பங்குகொண்டார்.

சோதனை மிக எளியது. வீடுவீடாகச் சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் கவனிக்கும் கிராமச் சுகாதார ஊழியர் 34 பேருக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் பல் வைத்தியர்களுமல்லர், பட்டதாரிகளுமல்லர். ஓராண்டுக் காலத்தில் அவர்கள் சற்றேறக்குறைய 28,000 பேரின் வாயைச் சோதித்தனர். ஏறத்தாழ 1,200 பேரிடம் ஐயத்துக்குரிய குறிகளைக் கண்டு மேற்சோதனைக்கு அனுப்பினர். சென்றவர்களை நிபுணர்கள் மீளச் சோதித்தபோது, பத்துக்கு ஒன்பது பேரளவில் ஊழியரின் கணிப்புச் சரியாகவே இருந்தது. கைவிளக்கேந்திய கிராமத்து ஊழியரின் கண், நிபுணரின் கண்ணுக்கு அதிகம் பின்தங்கவில்லை. 1984 ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியானபோது உலகின் ஏழை நாடுகள் பலவற்றின் கவனத்தை அது ஈர்த்தது.

அந்த அறிக்கையிலே பாராட்டுக்குரிய எண்களின் அருகே துயரந்தரும் எண் ஒன்றும் உண்டு. மேற்சோதனைக்கு அனுப்பப்பட்டவர்களிற் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே சென்றனர். மற்றையோர் செல்லவில்லை. வாயில் ஐயத்துக்குரிய குறி உண்டு, சென்று காட்டுங்கள் என்று கூறப்பட்ட பின்னரும் ஏறத்தாழ ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே தங்கிவிட்டனர்.

அவர்கள் ஏன் செல்லவில்லை? முதற்காரணம், வலி இல்லாமை. வெண்திட்டு வலிப்பதில்லை, தொடக்க நிலைப் புற்றும் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியாத ஒன்றுக்காக ஒரு நாளை இழக்க எவர் முன்வருவர்? மாத்தளைத் தோட்டமொன்றை நினைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். றத்தோட்டைக்கு மேலேயுள்ள மலைத் தோட்டத்துப் பெண் கண்டிக்கோ பேராதனைக்கோ சென்று திரும்ப ஒரு முழுநாள் வேண்டும். அன்றைய 'பேர்' அவளுக்கு இல்லை. பஸ் கட்டணமும் துணைக்கு வருபவரின் பேரும் சேர்ந்தே கணக்கில் வரும். வைத்தியசாலையிலே சிகிச்சை இலவசம் என்பது உண்மை. அங்குச் செல்வது இலவசமன்று. இரண்டாவது காரணம் அச்சம். புற்று என்றாலே முடிவு என்னும் எண்ணம் வேரூன்றிய இடத்தில், அறியாதிருப்பதே நலம் எனத் தோன்றுதல் இயல்பு. முற்றிய நோயாளரையே கண்டவர்களின் அச்சம் பொருளற்றதென்று கூறமுடியாது. தொடக்கத்தில் வந்து குணமடைந்தவர் தம் நோயைப் பற்றி ஊரிலே பேசுவதில்லை. ஆதலால் குணமடைந்தவரை ஊர் அறிவதில்லை.

வாயைச் சோதிப்பதால் உண்மையில் உயிர் தப்புகிறதா என்னும் வினாவுக்கு விடை கேரளத்திலிருந்து வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 ஆம் ஆண்டு தொடங்கிய பேராய்வொன்றில், ஏறத்தாழ 1,90,000 பேர் இரு பிரிவாகக் கவனிக்கப்பட்டனர். ஒரு பிரிவினரின் வாயைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் காலந்தோறும் சோதித்தனர். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மாத்திரம் கிடைத்தது. 2005 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு, சோதிக்கப்பட்ட பிரிவில் மூன்றிலொரு பங்களவு குறைந்தது. அப்பழக்கம் இல்லாதவரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அத்துணைத் தெளிவான பயன் தெரியவில்லை. எவருடைய வாயை முதலிற் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே வழிகாட்டி.

இலங்கையிலே தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1980 ஆம் ஆண்டில் அமைந்தது. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாய் நிலையை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2007 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அண்டை மாகாணமாகிய சப்பிரகமுவையிலே பின்னர் நடந்த ஆய்வொன்று, முப்பது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவரிடம் புற்றாக மாறக்கூடிய குறிகள் இருந்ததைக் காட்டிற்று. புகையிலை கலந்த மெல்லும் பண்டங்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றை 2016 ஆம் ஆண்டில் அரசு தடைசெய்தது. கடையில் தொங்கும் பொட்டலத்தைச் சட்டம் எட்டும். வீட்டுக் கொல்லையில் நிற்கும் கமுகமரத்தையும் பாட்டியின் பாக்குரலையும் எட்டுவது அரிது.

பெண்களைத் தாக்கும் பிற புற்றுகளைப் பற்றியும் ஒரு சொல். கருப்பைக் கழுத்துப் புற்று ஒருவகை வைரசினால் விளைவது எனக் காட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008 ஆம் ஆண்டில் நோபெற் பரிசு பெற்றார். அவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்புச் சிறுமியர்க்கு இலவசமாக ஏற்றப்பட்டு வருகிறது. 1996 ஆம் ஆண்டிலே தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் முப்பத்தைந்து வயதுப் பெண்களை அழைத்துச் சோதிக்கின்றன. மார்பகச் சோதனையும் அங்கு உண்டு. மாத்தளை மாவட்டப் பெண்களுக்கும் இவை திறந்தே இருக்கின்றன. அங்கும் வாயிலைத் தாண்டி வராதவர்களே கவலைக்குரியவர்கள்.

வெற்றிலைப் பையை இறக்கி வைத்தவர்க்கு என்ன நிகழ்கிறது? எர்ணாகுளம், பவநகர், சிறீகாகுளம் ஆகிய மூன்று இந்திய மாவட்டங்களில் 36,000 புகையிலைப் பழக்கத்தினரிடையே நடந்த முயற்சியொன்றின் முடிவு 1986 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வீடுதோறும் சென்று பேசி, படங்காட்டி, பழக்கத்தை விடுமாறு ஆண்டுதோறும் வேண்டிக்கொண்டனர். விட்டவர் சிலர், குறைத்தவர் வேறு சிலர். அவர்களிடத்துப் புதிய வெண்திட்டுகள் தோன்றுவது குறைந்தது. முன்பே தோன்றிய திட்டுகளும் பழக்கத்தை நிறுத்தியபின் பலருக்கு மங்கி மறைவதுண்டு. பாக்கினால் விறைத்த கன்னமோ அவ்வாறு இளகுவதில்லை. நிறுத்தியவர்க்கு அது மேலும் இறுகாமலிருக்கலாம், பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அத்தகையோரின் வாயை ஆயுள் முழுவதும் குறித்த தவணையிற் பார்த்துவர வேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையிலே வாயைக் காட்டுவதற்கு நுழைவுக் கட்டணம் ஏதுமில்லை. சோதிப்பதற்குச் சில நிமிடங்களே போதும்.